அவர் நிற்காத இடம்

தனபாலன் கடைசியாகக் குறை சொன்னது ஓர் ஊறுகாய் விளம்பரத்தை.

காலைச் செய்திக்கு நடுவில் அது வந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகள் பாட்டிலைத் திறக்கிறாள். எல்லோர் முகமும் மலர்கிறது. தனபாலன் ரிமோட்டை எடுத்து அதைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு, நடுவில் நிறுத்தினார்.

"பாத்தியா வசு. மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே மாமனார் சிரிச்சுட்டார். வாசனை வர்றதுக்குள்ள சிரிப்பு வந்துட்டா அப்புறம் ஊறுகாய் எதுக்கு?"

"அவருக்குப் பசியா இருக்கும்," என்றாள் வசுமதி.

"அதுவும் நியாயம்தான்."

கறிவேப்பிலை இல்லை என்று அவள் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாலிகிராமத்தில் அவர்கள் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் உண்டு. அவர் படியில்தான் போவார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டியபோது டிவியில் அந்த மாமனார் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

தனபாலன் சினிமா எடிட்டர். ஆனால் தொழிலைவிட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சனிக்கிழமைதான். சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உதவி இயக்குநர்கள் வருவார்கள், பாட்டெழுதுகிறவர்கள் வருவார்கள், படக்கதை வரைகிற ஒருவர் மாமண்டூரிலிருந்து ரயிலேறி வருவார். கல்யாண கேக்குக்குப் பூ வைக்கிற பெண்மணி ஒருத்திகூட ஒரு வருஷம் தவறாமல் வந்தாள். எல்லோருக்கும் ஒரே பாடம். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றையும் செய்தவர்கள் எந்த இடத்தில் ஒரே முடிவை எடுத்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பது. நாகஸ்வரக்காரர் ஒரு சுரத்தின் விளிம்பில் மூச்சு வாங்க நிற்கும் இடம், சிற்பத்தில் தூக்கிய கால் இன்னும் கீழே இறங்காத இடம், டீ ஆற்றுகிறவரின் கை மேலே போய்த் திரும்பும் இடம். மூன்றையும் அடுத்தடுத்துக் காட்டி, "மூணும் ஒரே வெட்டு," என்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கேக்குப் பெண்மணி அடுத்த வாரம் கேக்கில் ஒரு மூலையைக் காலியாக விட்டுச் செய்து கொண்டுவந்தாள். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

வசுமதி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். அவளும் எழுதுகிறவள்தான். சிறுகதைகள். ஒரு தொகுப்பு வந்து இரண்டு பதிப்பும் போயிருந்தது. இருபது வருஷம் அவர் பேச்சைக் கேட்டும் அவர் பார்த்த மாதிரி அவளுக்குப் பார்க்க வரவில்லை. அவர் சொன்ன பிறகு தெரியும். சொல்வதற்கு முன் தெரியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது வேறொன்று. ஏதோ ஒரு சீரியலில் ஏதோ ஒருத்தி எழுதிய அடுக்களைக் காட்சியைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசுகிற மனிதர், அவள் கதையைப் படித்துவிட்டுச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"நல்லா இருக்கு வசு."

அவ்வளவுதான். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தச் சீரியல்காரியின் பெயர் திரையில் ஓடும்போதெல்லாம் வசுமதி எழுந்து அடுக்களைக்குப் போவாள். கேக்குக்குக் கிடைத்த ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

தரமணியில் கலைநோக்கு மையம் என்று ஒன்று தொடங்கினார்கள். அங்கே தனபாலனை வாரம் ஒருநாள் கூப்பிட்டு, தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டி, படமும் பாட்டும் ஓவியமும் புத்தகமும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்க வைத்தார்கள். அது என்னவென்று அவள் கேட்டபோது அவர் சொன்னார்:

"ஞாபகத்தை எடுக்கலையாம். அறிவையும் எடுக்கலை. ஒண்ணைப் பார்க்கும்போது நம்ம கவனம் முதல்ல எங்க போகுது, எங்க நிக்குது, எதோட சேர்த்துப் பாக்குது, அந்த வழித்தடத்தை மட்டும் பதிவு பண்றாங்க."

"பண்ணி?"

"நான் போனப்புறம் வேற யாருக்காவது போட்டுவிடுவாங்க. அவங்களும் அதே தொப்பியை மாட்டிக்கிட்டு, நான் பாத்ததையெல்லாம் பாத்துப் பாத்துப் பழகணும். கொஞ்ச நாள்ல அந்தத் தடம் அவங்களுக்கும் விழுந்துடும். கண் தானம் மாதிரின்னு வச்சுக்கோயேன்."

"அப்ப எனக்குப் போடச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "உனக்கு எதுக்கு வசு?"

அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

அவர் போய் எட்டு மாதம் கழித்து, ஒரு கல்லூரியில் தனபாலன் நினைவாகப் பேச்சு வைத்திருக்கிறோம், அவசியம் வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். முன்வரிசையில் அவளை உட்கார வைத்தார்கள். பேச வந்தவள் ஜெபராணி என்று ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். குட்டையாக, தலைமுடியைக் கிளிப் போட்டு ஏனோதானோவென்று தூக்கிக் கட்டியிருந்தாள். நாகர்கோவில் பேச்சு. ஒரு பாலத்தில் லாரி திரும்புகிற கண்காணிப்புக் கேமராப் படம், வலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாப் பாட்டு, ஒரு படக்கதையின் ஒரு பக்கம். இந்த மூன்றையும் எடுத்து வைத்தாள்.

"முதல்ல சத்தத்த நிறுத்திட்டுப் பாக்கலாம். அப்புறம் படத்த அணைச்சுட்டு சத்தத்த மட்டும் கேக்கலாம்," என்றாள்.

தனபாலனும் சனிக்கிழமைகளில் இப்படித்தான் தொடங்குவார்.

பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் மூன்றையும் பிரித்துக் காட்டினாள். வலை இழுக்கிறவர்கள் பாட்டில் பாரம் ஏறுகிற சொல் எது, லாரி ஓட்டுநர் எதைப் பார்க்காமல் விட்டார், படக்கதையில் வரையாமல் விட்ட கட்டம் எது, எல்லாம். அரங்கத்தில் அதே வெளிச்சம் முகம் முகமாக ஏறியது. தனபாலன் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருந்தால் வசுமதி சகித்திருப்பாள். இது அவர் சொல்லாதது. அந்த லாரியை அவர் பார்த்ததில்லை, அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. உயிரோடிருந்தால் இப்போது என்ன யோசித்திருப்பாரோ அதை அவர் இன்னொருத்தியின் தலைக்குள் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். அதுவும் இத்தனை பேர் நடுவில்.

மறுநாளே தரமணிக்குப் போனாள். மையத்தின் டாக்டர் முகுந்தன் எழுந்து நின்று வரவேற்றார்.

"அந்தப் பொண்ணுக்குத்தானே போட்டிருக்கீங்க?"

"பேர் சொல்லக் கூடாதும்மா. ஆனா நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க."

"எனக்கும் போடுங்க."

"ஒரு பதிவு ஒருத்தருக்குத்தான். இல்லேன்னா ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரி பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. அது சட்டம்."

"அப்ப அவகிட்டேர்ந்து எடுத்துடுங்க."

"உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. முதல் வருஷம் முடியறதுக்குள்ள மனைவி வேண்டாம்னு சொன்னா நாங்க எடுத்துத்தான் ஆகணும். அப்புறம் அது ஊறிப் போயிடும், யாராலயும் எடுக்க முடியாது. ஆனா ஒண்ணு சொல்லணும். எடுத்தா அவங்க பழையபடி ஆயிட மாட்டாங்க. புதுத் தடம் விழும்போது அவங்க சொந்தத் தடம் சிலது அழிஞ்சிருக்கும். ரெண்டும் இல்லாம நிப்பாங்க. அவங்க பிழைப்பே இதுலதான். ஒரு படம் வேற பாதியில இருக்கு."

"என் வீட்டுக்காரர் போனப்போ எனக்கும் பாதியில நிறைய இருந்தது."

"சரிம்மா. முடிவு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்க உங்களை வந்து பார்க்கலாம்னு விதி இருக்கு. வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் வாய், "வரட்டும்," என்றது.

ஜெபராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்தாள். செருப்பை வாசலுக்கு வெளியே ஓரமாக விட்டாள். வசுமதி காப்பி கொடுக்கக் கூடாது என்று இருந்தாள்; கைதான் பழக்கத்தில் பாலை அடுப்பில் வைத்துவிட்டது.

"மேடம்னு கூப்பிடவா, அக்கான்னு கூப்பிடவா?"

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தொண்ணு."

"அக்கான்னே கூப்பிடுங்க. எதுக்கு இதை வாங்கிக்கிட்டீங்க?"

ஜெபராணி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கல்யாண வீடியோ வெட்டிக்கிட்டு இருந்தேன்க்கா. தாலி, சாப்பாடு, அழுகை, கார். எனக்குன்னு இருந்தது ஒரே திறமதான். மாப்பிள்ள கையில இந்த ஷாட்டுல கடிகாரம் இருக்கு, அடுத்ததுல இல்லன்னா டக்குன்னு புடிச்சிருவேன். அத வச்சு எத்தன நாள் ஓட்ட? படம் எடுக்கணும்னு ஆச. கத்துக்கிட வழி தெரியல்ல. பேரக் குடுத்தேன், கூப்பிட்டாங்க."

"அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுக்கா. போட்டோவுலதான் பாத்திருக்கேன். இப்ப இங்க மாட்டியிருக்குல்லா, இதே போட்டோதான்."

வசுமதி அவளைச் சோதிக்க வேண்டும் என்று டிவியைப் போட்டாள். ஏதோ ஒரு சீரியல். ஒரு பெண் போனில் சாவுச் செய்தி கேட்டு அதிர்ந்தாள். ஜெபராணி பார்க்காமல் இருக்கத்தான் முயன்றாள். முடியவில்லை.

"அந்தம்மா தம்ளர முன்னாலயே கீழ வச்சிட்டாங்க பாருங்க. போன் வாறதுக்கு முந்தியே கைய காலியாக்கிட்டாங்க. அப்புறம் என்னத்த அதிர்ச்சி?"

வசுமதி டிவியை அணைத்தாள்.

"வீட்டுக்காரரோட உக்காந்து டிவி பார்க்க முடியுதா உங்களால?"

"அவரு வேற ரூம்ல போயிப் பாக்காரு. ரெண்டு ஆளோட உக்காந்து டிவி பாக்க முடியலன்னு சொல்லுதாரு."

"குடுத்து வச்சவர். இங்க அந்த ஒரு ஆளும் இல்லை."

ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டாள். சிப்ஸ் பொட்டலம் இரண்டு பேருக்கும் நடுவில் பிரிக்காமல் கிடந்தது.

வசுமதி எழுந்து போய்த் தன் புத்தகத்தை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தாள். முதல் கதையை விரித்துக் காட்டினாள். "இதைப் படிங்க. சனிக்கிழமை மத்தியானம் இங்க வர்றவங்களுக்கு அவர் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்வார். படிச்சுட்டு அந்த மாதிரி சொல்லுங்க. எங்க தப்பு, எங்க இழுக்குது, எதை முன்கூட்டியே சொல்லிட்டேன், எல்லாம். அதைக் கேட்டுட்டு நான் முடிவு பண்றேன்."

அடுக்களையில் பாத்திரம் துலக்குகிற சாக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபராணி வரிவரியாகத்தான் படித்தாள். ஓரிடத்தில் உதடு அசைந்தது, ஓரிடத்தில் மூக்கை உறிஞ்சினாள். ஒரு தரம்கூடப் பக்கத்தைப் பின்னால் புரட்டவில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"நல்லா இருக்குக்கா."

வசுமதி ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். "இதைச் சொல்லத்தானா வந்தே? இதைத்தான் அவரும் சொல்லிட்டுப் போயிட்டார்."

வசுமதி 'நீ' என்று பேசத் தொடங்கியதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஜெபராணி மறுபடி எடுத்தாள். இம்முறை கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கி வந்தாள். நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "வரல்லக்கா."

"என்ன வரலை?"

"நின்னு பாக்க வரல்ல. இந்த வரியில நிக்கலாம்னு நெனச்சா கதையில வாற அந்தச் சரசு எந்திச்சு பஸ்ஸுக்குப் போறா. நானும் அவ பின்னால போயிருதேன்."

"அதுல பார்க்க ஒண்ணும் இல்லை. அதான் நிக்கலை. நேரா சொல்லிடேன்."

"ஒண்ணும் இல்லாததுலதான்க்கா அந்தக் கண்ணு போயி ரொம்ப நேரம் நிக்கும். வீட்டு ஓனரு மோட்டார் போடறது பத்தி ஒரு நோட்டீசு ஒட்டியிருக்காரு. அரை மணி நேரம் அதுல நின்னேன்."

"அப்ப பயத்துல சொல்றே. நான் எடுத்துடச் சொல்லிடுவேன்னு."

"பயம் இருக்கத்தான் செய்யுது," என்றாள் ஜெபராணி. "அதுக்காவ பொய் சொல்லல்ல."

வசுமதி அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"பஸ் ஸ்டாண்டில மழை வந்ததும் சரசு என்ன பண்றா?"

"குடைய விரிக்கா."

"குடை ஏது?"

"கையில இருந்துச்சு."

"வீட்டை விட்டுக் கிளம்பறப்போ?"

ஜெபராணி பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் குடை தொங்குகிறது. சரசு அதைப் பார்க்கிறாள். இந்த வீட்டுப் பொருள் எதுவும் வேண்டாம் என்று வெறுங்கையோடு இறங்குகிறாள். எழுதியிருப்பது அதுதான். ஜெபராணி அதைப் படித்தாள், முன்னால் புரட்டிக் குடை விரிகிற இடத்தைப் படித்தாள், மறுபடி பின்னால் வந்தாள். அவள் முகம் வெளுத்தது. நடிக்கிறவர்களுக்கு அப்படி வெளுக்காது.

"இது எப்படிக்கா எனக்குத் தப்பிச்சு? ரெண்டு தடவ படிச்சேனே. இது அவரு குடுத்த கண்ணு இல்ல. இது என் கண்ணு. கடிகாரம் பாக்குத கண்ணு. இது ஒண்ணுதான என்கிட்ட சொந்தமா இருந்துச்சு."

அந்தத் தப்பு வசுமதிக்கு முன்பே தெரியும். அந்தக் கதை பத்திரிகையில் வந்த வாரமே ஆரணியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்து, "குடை எப்படிம்மா வந்தது?" என்று சிரித்தார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கதாநாயகி காதில் தோடு மாறிவிட்டது என்று ஒரு முழுக் காட்சியைத் திரும்ப எடுக்க வைத்த மனிதர் வீட்டில் இருக்கிறார். அவர் இந்தக் கதையைக் கையெழுத்தில் படித்தார், பத்திரிகையில் படித்தார், புத்தகத்தில் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அவர் படிக்கவே இல்லை. கூரியர்காரனுக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி பக்கத்தைத் தள்ளிவிட்டு 'நல்லா இருக்கு' என்று சொல்லியிருக்கிறார். சீரியல்காரியின் எழுத்துக்குக் கொடுக்கிற கண்ணை என் எழுத்துக்குக் கொடுக்கவில்லை. இப்படித்தான் அவள் ஒன்பது வருஷமாக நினைத்திருந்தாள். அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்ற பயம்.

இப்போது இதோ ஒருத்தி அவள் கண்ணெதிரே வரிவரியாகப் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். குடை தெரியவில்லை.

"எதுல எதுல நிக்கணும்னு அந்தத் தொப்பிய மாட்டிக் கத்துக்கிட்டேன்," என்றாள் ஜெபராணி மெதுவாக. "எதுல நிக்கக் கூடாதுன்னும் சேத்துக் கத்துக்கிட்டேன் போலிருக்கு. அங்க எனக்குன்னு இருந்ததும் அழிஞ்சு போச்சு. உங்க எழுத்துன்னா அவருக்கு வேற மாதிரி இருந்திருக்குக்கா. பிரிச்சுப் பாக்கத் தோணியிருக்காது. சும்மா கூடவே வந்திருக்காரு."

வசுமதிக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது வேறு. எதிரில் இருந்தவளின் மடியில் விரிந்து கிடந்த தன் புத்தகத்தைப் பார்க்கப் பார்க்க, அந்தக் கல்லூரி அரங்கத்தில் எரிந்ததைவிடப் பெரிதாக ஒன்று எரிந்தது. லாரியும் அம்பாப் பாட்டும் ஊருக்குச் சொந்தம். இது அப்படியில்லை. அவள் எழுத்தில் மட்டும் நிற்காமல் கூடவே வந்த அந்தப் பார்வை, அவளுக்கே தெரியாமல் அவளுக்குச் சொந்தமாக இருந்தது. தெரிந்த அதே நிமிஷத்தில் இன்னொருத்தியிடமும் இருக்கிறது.

"இதையும் எடுத்துக்கிட்டியா?" என்றாள்.

"நான் கேட்டு வாங்கல்லக்கா."

"தெரியும்."

வசுமதி எழுந்தாள். புத்தகத்தை அவள் மடியிலிருந்து எடுத்து மூடித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"வச்சுக்கோ. சினிமா, பாட்டு, படம், ஊர்ல இருக்கிற நோட்டீசு, எல்லாத்தையும் அந்தக் கண்ணாலயே பாரு. நான் தரமணிக்கு ஒண்ணும் சொல்லப் போறதில்லை. ஒண்ணே ஒண்ணு. நான் எழுதினதை மட்டும் இனிமே நீ படிக்கக் கூடாது."

ஜெபராணிக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே வசுமதிக்கு அவளைக் கொஞ்சம் பிடித்தது.

"இதுல இன்னும் எட்டு, பத்து கதை இருக்கும் போலிருக்கே," என்றாள் ஜெபராணி.

"இருக்கும். கூடாது."

"இனிமே எழுதப் போறதும்?"

"அதுவும்தான்."

"சரிக்கா." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "நல்லா இருந்துச்சு. அதான் கேட்டேன்."

லிஃப்ட் கதவு மூடும்வரை வசுமதி புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

அந்த வருஷம் முடிந்தது. முகுந்தன் ஒருமுறை போன் செய்தார். அவள் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டாள். ஜெபராணியின் படம் வெளியானபோது தனியாகப் போய்ப் பார்த்தாள். இடைவேளைக்கு முன்னால் ஒரு வெட்டு வந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் அதற்குக் கைதட்டியதும் அவரை முறைத்துப் பார்த்தாள்.

அவளுடைய தொகுப்பு மறுபடி அச்சுக்குப் போனது. பதிப்பகத்தில் பிழை பார்க்கிறவர் போனில் கூப்பிட்டார்.

"மேடம், முதல் கதையில ஒரு சின்ன விஷயம். குடையை வீட்டிலேயே விட்டுட்டுப் போறாங்க..."

"ஆமாம்."

"அப்புறம் பஸ் ஸ்டாண்டில விரிக்கறாங்க. ஒரு வரி மாத்தினா சரியாயிடும். நானே மாத்திடட்டுமா?"

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"யாராவது கேப்பாங்களே மேடம்."

"கேக்கறவங்க கேக்கட்டும்."

புதுப் பதிப்பு வந்துவிட்டது. பதினாறாம் பக்கத்தில் குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பத்தொன்பதாம் பக்கத்தில் சரசு அதை விரிக்கிறாள்.